ஜோக்குக்கு முன்னாடியே சிரிக்கும் வயலின்

காதல் காமெடிப் படத்தில் ஹீரோ வாயைத் திறக்கும் முன்பே பின்னணி இசையில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். ஏம்ப்பா, ஜோக் வருது என்று நீங்களே தண்டோரா போட்டுவிட்டால் அப்புறம் யார் சிரிப்பது?

வசனம் முடிந்து ஹீரோயின் முகம் மாறுகிற அந்த அரை நொடியை, அதாவது நொடிக்கு ஓடும் 24 பிரேமில் (படச் சட்டத்தில்) 12-ஐ, சும்மா விடுங்கள். அதற்கப்புறம் பிட்சிகாட்டோ (வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டும் வயலின்) வந்தால் போதும். நடப்பதோ வேறு. எடிட்டிங்கில் தற்காலிகமாக ஒட்டிய இசைக்கு இயக்குநரின் காது பழகிவிடுகிறது. இசையமைப்பாளரிடமும் "அதே மாதிரி" கேட்கிறார். இசை வந்தபின் காட்சியில் நாலு பிரேம் வெட்டுகிறார்கள். தாளத்தின் அடி சறுக்கிவிடும், யாரும் நகர்த்தி வைப்பதில்லை.

வசனத்தையும் இசையையும் கலக்கும் மிக்ஸிங் தனிக் கொடுமை. அவள் கிசுகிசுப்பாகக் காதலைச் சொல்கிறாள், மேலே வயலின் கூட்டம் கத்துகிறது. மெய்யெழுத்துகள் தெளிவது பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். வயலினின் கூர்மையும் அங்கேதான். இசையில் அந்தப் பகுதியை மட்டும் 3 டெசிபல் இறக்கினாலே வசனம் பிழைக்கும். இல்லை, செல்லோ (வயலினின் கனத்த குரல் அண்ணன்) ஒன்றே போதும். அதுவும் முடியாதென்றால் மின்விசிறிச் சத்தத்தோடு விட்டுவிடுங்களேன்!