கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் மறுபடி மங்கினால் லென்ஸ் கெட்டுப்போச்சா?

"ஆபரேஷன் செய்த கண்ணில் மறுபடி புரை வந்தால் வைத்தது மட்டமான லென்ஸ், அதை எடுத்துவிட்டு விலை கூடியதை வைக்கணும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

எடுத்த புரை திரும்ப வராது. இயற்கை லென்ஸை மூடியிருந்த மெல்லிய பையை டாக்டர் உள்ளேயே விட்டுவைத்து, அதில்தான் செயற்கை லென்ஸை உட்கார வைக்கிறார். பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சில செல்கள் மாதங்கள், வருஷங்கள் கழித்துப் பின்சுவரில் ஊர்ந்து பரவும்போது அந்தச் சுவர் மங்குகிறது. பெரும்பாலும் லென்ஸ் பளிச்சென்றுதான் இருக்கும். (லென்ஸே மங்குவதும் உண்டு, ஆனால் அபூர்வம்.)

சரி, லென்ஸுக்குப் பங்கே இல்லையா? உண்டு, விலையில் இல்லை, விளிம்பில். பின்விளிம்பு கூராக, சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் பை அந்த இடத்தில் சட்டென மடிந்து செல்களை வரப்பு மாதிரி தடுக்கிறது. பழைய உருண்டை விளிம்பில் அவை வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். லென்ஸைத் தாங்கும் கை வந்து சேரும் இடத்தில் அந்தக் கூர் விளிம்பு தொடராமல் விட்டுப்போனால், செல்கள் நுழைய அதுவே ஓட்டை. லென்ஸ் செய்யும் பிளாஸ்டிக்கிலும் வித்தியாசம் உண்டு: நீரை ஈர்க்காத அக்ரிலிக், பையோடு நன்றாக ஒட்டுவதால், நீரை ஈர்க்கும் அக்ரிலிக்கைவிடப் பொதுவாகக் குறைவாகவே மங்கவிடுகிறது. மல்டிஃபோகல் (தூரம், கிட்டம் இரண்டுக்குமான லென்ஸ்) என்று கூடுதல் காசு கொடுப்பது கண்ணாடி தேவையைக் குறைக்கத்தான், இதற்கல்ல.

மங்கினால் யாக் என்ற வகை லேசரால் பின்சுவரின் நடுவில் ஒரு சின்னத் திறப்பு, சில நிமிட வேலை. கண் அழுத்தம் கூடலாம், விழித்திரை விலகுவது அரிது. லேசருக்குப் பிறகு லென்ஸை மாற்றுவது இன்னும் சிக்கலாகும், அதனால் மங்கலுக்குக் காரணம் பைதானா என்று டாக்டர் முதலில் பார்த்துவிடுவார்.