கணினிக் கூடத்தில் முதலில் வேண்டியது ஹெட்போன்

வன்னியில் மொழிப் பாடத்தைக் கணினிக் கூடத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஆங்கிலக் கேள்வித்தாளைத் திரையில் ஏற்றிவிட்டு, பிள்ளையை மவுஸால் விடையை அமத்தச் சொல்வது. கொப்பியில் செய்யக்கூடியதைக் கரண்ட் செலவழித்துச் செய்கிறோம். மல்லாவியிலோ முழங்காவிலிலோ ஒரு பிள்ளைக்கு ஆங்கில வசனத்தையோ சிங்கள வசனத்தையோ பத்துத்தரம் சலிக்காமல் திருப்பிச் சொல்ல ஆள் கிடையாது. கணினி சொல்லும். அதை விட்டுவிட்டு விடைத்தாள் திருத்தவா அதை வாங்கிவைத்தோம்?

எங்கள் எழுத்தே இந்த விஷயத்தில் காலை வாரிவிடும். ஆங்கிலத்தில் குண்டூசிக்கு ஒரு சொல், குப்பைத்தொட்டிக்கு வேறு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்'. சிங்களத்தில் கல்லுக்கும் காலத்துக்கும் உள்ள சொற்கள் தமிழில் 'கல' என்றே வரும். மலையும் அடிமரமும் 'கந்த' என்றே வரும். ஆனால் அடிமரத்துக்கான சொல்லில் அந்த மெல்லினம் அரைகுறையாகத்தான் ஒலிக்கும். கொரிய வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பெடியள் பாடு இன்னும் மோசம்: அங்கே ககரம் மூன்று வகை. கரும்பலகையில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிக்கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை, பிள்ளை இந்த வேறுபாட்டைக் கேட்கவே போவதில்லை.

ஒடாசிட்டி குரல் பதிய உதவும் இலவச மென்பொருள், நெட் தேவையில்லை. இப்படிப்பட்ட சொற்சோடிகளில் பத்தை எடுத்து, அந்த மொழியை நன்றாகப் பேசுகிற ஒருவரைக் கொண்டு வசனமாக வாசிக்கவைத்துப் பதியுங்கள். தனிச்சொல்லாக வாசித்தால் எவரும் தேவைக்கு மேல் அழுத்திவிடுவார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் அதன் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு மௌனம் விடுங்கள். மோனோ போதும். வேவ் கோப்பு நிமிடத்துக்கு 5 எம்பிக்கு மேல் பிடிக்கும். 64 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் அரை எம்பிதான்.

வகுப்பில் பிள்ளை முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்கவேண்டும். முதற் சொல்லா இரண்டாவதா என்று கொப்பியில் 1 அல்லது 2 போடவேண்டும். அதன்பிறகுதான் வாய். கோப்பைத் திறந்து, ஷிப்டை அமத்திக்கொண்டு ஆர் விசையைத் தட்டினால், மாதிரிக் குரல் ஓட ஓட அதன் கீழே புதிய தடத்தில் பிள்ளையின் குரல் பதியும். வசனத்தைக் கேட்கவேண்டும், மௌனத்தில் சொல்லவேண்டும். ஷிப்டை மறந்து ஆர் விசையை மட்டும் தட்டினால் மாதிரித் தடத்தின் வாலிலேயே பதிந்துவிடும். முதல் நாள் பாதி வகுப்பு இதைத்தான் செய்யும், பதற வேண்டாம். பதிந்து முடிந்ததும் தடத்துக்குப் பக்கத்திலுள்ள, அந்தத் தடத்தை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தானை மாறிமாறி அமத்தி, மாதிரியையும் தன் குரலையும் ஒப்பிடலாம்.

(ஆங்கில 'பின்' இரண்டுக்கும் கணினியே வேண்டாம் என்றும் சொல்லலாம். கிழித்த தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். குண்டூசிக்குத் தாள் ஆடும், குப்பைத்தொட்டிக்கு ஆடாது. சிங்களத்துக்கு இந்த வித்தை சரிவராது, அங்கே பகரத்துக்கு அந்த மூச்சு இல்லை.)

இதெல்லாம் ஹெட்போன் இருந்தால்தான். ஸ்பீக்கரில் விட்டால் மாதிரிக் குரலும் மைக்குக்குள் போய்விடும். போனுக்கான இயர்போனைக் கொண்டுவந்து செருகி, கேட்கிறது ஆனால் பதியவில்லை என்று திண்டாடுவதும் உண்டு. போனின் பிளக்கில் ஒலியும் மைக்கும் ஒன்றாக இருக்கும்; பழைய டெஸ்க்டொப்பில் பச்சை ஓட்டை ஒலிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. இடையில் ஒரு பிரிப்பான் வயர் போட்டால் தீர்ந்தது. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மைக்கை வாயோரத்துக்கு இரண்டு விரல் தூரத்தில் வைத்து, பதிவின் ஒலியளவைக் குறையுங்கள். வாய்க்கு நேரே வைத்தால் பகரமெல்லாம் வெடிக்கும். எல்லாரும் ஒரேநேரத்தில் பேசினால் கூடம் சந்தையாகிவிடும். ஒரு வரிசை பதிய, அடுத்த வரிசை கேட்கட்டும்.

வேகம் அதிகம் என்றால், ஒலி ஓட்டும் மென்பொருளான விஎல்சியில் இடது சதுர அடைப்புக்குறி விசையைத் தட்டத் தட்ட 0.1 வீதம் குறைக்கலாம். 0.8க்குக் கீழே போகாமலிருப்பது நல்லது, மெய்யொலிகள் இழுபட்டுக் குழம்பும்.

கேள்வி பதில் வேண்டவே வேண்டாம் என்றில்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ஹொட் பொட்டேட்டோஸ், நெட் இல்லாமலே ஓடும் பயிற்சிகளைச் செய்துதரும். குழம்பிய சொற்களை வசனமாக்கும் பயிற்சியில், சரியான விடை இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 'நேற்று' என்பதை முன்னுக்கு வைத்த பிள்ளைக்கும் பிழை விழும். சரியாகச் செய்துவிட்டுப் பிழை வாங்கிய பிள்ளை அடுத்தமுறை யோசிக்காது, குருட்டுவாக்கில் அமத்தும். இன்னொன்று, எஃப்எம் அபயா என்ற பழைய எழுத்துருவில் தட்டிய சிங்களம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். பிள்ளைகளைச் சிங்களத்தில் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள்; விஜேசேகர விசைப்பலகையில் எழுத்துத் தேடுவதிலேயே 40 நிமிடமும் போய்விடும்.

ஆளுக்கொரு கணினி இல்லையே என்ற கவலை மொழிப் பாடத்துக்குப் பொருந்தாது. ஒரு கணினிக்கு இருவர் இருந்தால்தான் பேச்சு வரும். ஏ9 வீதியின் படமொன்றைத் திரையில் போடுங்கள், சந்திகளும் கிளை வீதிகளும் முழுவதுமாக. எதிரே இருப்பவரின் தாளில் அதே படம், சந்திப் பெயர்கள் மட்டும். வவுனியாவிலிருந்து வடக்கே போகிறேன், மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் எங்கே, பரந்தனில் திரும்பினால் எங்கே என்று அவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேட்டு, முல்லைத்தீவையும் புதுக்குடியிருப்பையும் நிரப்பவேண்டும். தமிழில் கேட்டால் பதில் இல்லை. நடுவில் கரண்ட் போனால் திரைக்காரர் நினைவிலிருந்து சொல்லட்டும்.