குவெரி வந்திருக்கு சார்

காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம் ஐயா"ன்னு சொன்னதுதான் தாமதம், அப்பா சட்டையை மாட்டிக்கிட்டுக் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டார். அந்தச் சட்டை கசங்கி முடிஞ்சப்பகூட இன்சூரன்ஸ் கம்பெனியோட அப்ரூவல் வரல.

மதியம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனா, "குவெரி வந்திருக்கு சார்." அதாவது கம்பெனி கேள்வி கேட்டிருக்கு. என்னவாம்? பேஷன்ட்டுக்குச் சர்க்கரை எந்த வருஷம் ஆரம்பிச்சது? எடுத்தது பித்தப்பைக் கல்லு. அப்பாவுக்குச் சர்க்கரையே கிடையாது. "அப்போ இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க." டாக்டர் தியேட்டர்ல. அவர் வெளிய வந்து, இல்லாத சர்க்கரை ஆரம்பிக்கவே இல்லைன்னு சர்ட்டிஃபிகேட் எழுதி, அது மேல போய், அடுத்த குவெரி: சீல் தெளிவா இல்லை! இத்தனைக்கும் தொடர்ந்து 60 மாசம் பிரீமியம் கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய கம்பெனி பழைய நோயைக் காட்டிக் கைவிரிக்கக் கூடாது. எங்க பாலிசி அதையெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு.

டிஸ்சார்ஜ் அப்ரூவலை 3 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், தாமதத்தால ஏறுற செலவு கம்பெனி தலையிலன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2024லயே சொல்லியாச்சு. டெஸ்க்ல சொன்னேன். "கம்பெனிகிட்ட கேளுங்க சார்." அவங்களுக்குப் போன் போட்டா, "ஆஸ்பத்திரியில இருந்து டாக்குமென்ட் வரல சார்." குவெரி போட்டா அந்த 3 மணி நேரம் மறுபடி முதல்ல இருந்தாம். இப்படியே போனா அடுத்த கல்லே வளர்ந்துடும்.

சாயங்காலம் அப்ரூவல் வந்துச்சு. வராமலே இருந்திருக்கலாம். பாலிசி 3 லட்சம், ரூம் வாடகைக்கு அதுல 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. நாங்க இருந்தது 6,000 ரூபா ரூம். ஏன்னா சேர்த்த அன்னைக்கு அதுதான் காலியா இருந்துச்சு. சரி, வித்தியாசத்தைக் கட்டிட்டுப் போகலாம்னுதானே நினைப்பீங்க? வாடகை பாதிதான் தகுதின்னா கம்பெனி சர்ஜன் ஃபீஸும் பாதிதான் தரும், தியேட்டர் சார்ஜும் பாதிதான்! மருந்தும் ஸ்கேனும் தப்பிச்சுது. டபுள் வாடகை ரூம்ல படுத்தவனுக்கு டாக்டர் பாதிக் கல்லுதான் எடுப்பாரா? கடைசியில கையுறை, முகக்கவசம் எல்லாம் "நான்-பேயபிள்", அதுக்குக் கம்பெனி பைசா தராது. வெறுங்கையால ஆபரேஷன் பண்ணச் சொல்லியிருக்கணும் போல.

டிவியில ஒருத்தர், மருத்துவத்தை மார்க்கெட்டுக்கு விட்டா போட்டி வந்து விலை குறையும்னு கோட்டு போட்டுப் பேசுறார். நடுராத்திரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுற மனுஷன் நாலு ஆஸ்பத்திரியில கொட்டேஷன் வாங்குவான் பாருங்க.

உடனே ஒருத்தர் வருவார், "ஜிஹெச் போக வேண்டியதுதானே?" போயிருக்கோம் சாமி. அங்க பில் கிடையாது, தேதி இருக்கு. உயிர் போற கேஸ் முதல்ல, கல்லு அப்புறம். அதுல தப்பு சொல்ல மாட்டேன், உண்மையைச் சொன்னா அது நியாயம்தான். முகத்துக்கு நேரா "வரிசையில நில்லுங்க"ன்னு சொல்றாங்க, குவெரி போடல. ஆனா வலி வரிசை பாத்தா வருது?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்? 5 லட்சம் வரைக்கும், நல்ல திட்டம். குடும்ப வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். மாசம் 10,000. மாசம் 11,000 வாங்குற செக்யூரிட்டி அண்ணன் அந்தக் கணக்குல பணக்காரர். நான் வரியும் கட்டுறேன், பிரீமியமும் கட்டுறேன், சர்ஜனுக்கு மீதிப் பாதியும் கட்டுறேன். எந்தப் பட்டியல்ல இருக்கேன்னுதான் தெரியல.

இதுல பாலிசி எடுத்துக் குடுத்த ஏஜென்ட் அண்ணன் இருக்காரே, தினமும் விடியறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்புவார். அன்னைக்கு முழுக்க போனை எடுக்கல. மறுநாள் டாண்ணு வந்துச்சு, இந்த முறை தாமரை. "நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்." அப்பா அதுக்குக் கைகூப்பி எமோஜி வேற போட்டிருக்கார்.