இனி உண்மையான இசைக்கு வருவோமா?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் நடந்ததைத் திரும்ப விளக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் சிரிப்புக் குறியும் போட்டுவிட்டீர்கள். அந்தப் பெடியன் போனைப் பெரிய திரையில் இணைத்து, பாட்டின் தாளத்துக்குத் திரையில் தட்டுகிற தாள விளையாட்டை ஆடி முடித்து மேடையால் இறங்கக்கூட இல்லை, அதற்குள் மைக்கைப் பிடித்தவர் சொன்ன வசனம்தான் என்னை எழுத வைத்தது. "சரி, இனி உண்மையான இசைக்கு வருவோம்."

உண்மையான இசை வந்தது. பென் டிரைவில் வந்தது. கரோக்கி. பாடியவர் இரண்டாவது சரணத்தை முந்தி எடுத்து, பிறகு பல்லவியில்தான் ஒருமாதிரிப் பாட்டை எட்டிப் பிடித்தார். அவருக்குப் பொன்னாடை. அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் வேண்டிய மனிதர்தான். ஆனால் அவருக்கு முன்னால் ஏறியவன் பாட்டு முடியும்வரை ஒரு தட்டும் பிசகாமல் அடித்தான். அவனுக்குச் சிரிப்பு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்த விளையாட்டுகள் யாரையும் வாத்தியக்காரன் ஆக்குவதில்லை. பாட்டைக் கேட்கப் பழக்குகின்றன. அவ்வளவுதான். கீழே வந்து "அப்ப மிருதங்கத்தை எல்லாம் விறகுக்குக் கொத்துவமோ" என்று கேட்க வேண்டாம்.

2011இல், யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில், கிளிநொச்சியில் மச்சான் வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. அதில் யாரோ 'ஃப்ரெட்ஸ் ஒன் ஃபயர்' போட்டுவைத்திருந்தார்கள். 2006இல் பின்லாந்துக்காரர் செய்து இலவசமாக விட்ட விளையாட்டு. கீபோர்டைத் தூக்கி கிற்றார் மாதிரி நெஞ்சோடு அணைக்க வேண்டும். ஒரு கை எஃப் 1 தொடக்கம் எஃப் 5 வரையுள்ள விசைகளில், மற்றக் கை என்டரில். வயர் கட்டை என்பதால் கதிரையை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கூனிக்கூனி அடிப்போம். பார்த்தால் விசர்க்கூட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதில் ஒரு விஷயம் இருந்தது. பிழை விட்டால் பாட்டு நிற்காது. கிற்றார் மட்டும் காணாமல் போய்விடும். ட்ரம் போகும், பாடுகிறவர் பாடுவார், கிற்றார் இருந்த இடம் பல் விழுந்த வாய் போல ஓட்டையாகக் கிடக்கும். அந்த இடத்தில் கிற்றார் ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்! இரண்டு கிழமை அப்படி அடித்த பிறகு ஒருநாள் வவுனியா பஸ்ஸில் ஒரு பழைய பாட்டுப் போட்டார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டு. பாடுகிறவரின் குரலுக்குக் கீழே பேஸ் கிற்றார் தன்பாட்டில் நடந்து போவது கேட்டது. மாங்குளத்தில் இறங்க வேண்டியவன் அதைத் தாண்டிப் புளியங்குளத்தில் இறங்கினேன்.

இதைத்தான் கேட்கப் பழக்குவது என்கிறேன். எந்த வகுப்பில் எனக்கு இதைச் சொல்லித் தந்தார்கள்?

"நேற்று வந்த டிக்டொக் குரங்குச் சேட்டை" என்று காணொளிக்குக் கீழே ஒரு அண்ணை எழுதியிருந்தார். நேற்று இல்லை அண்ணை. யப்பானில் 1996இல் 'பரப்பா த ராப்பர்' வந்துவிட்டது, தாள் மாதிரித் தட்டையான ஒரு நாய்க்குட்டி ராப் பாடும் விளையாட்டு. 1998இல் காலால் மிதித்து ஆடுவது வந்தது. 2001இல் 'தைகோ' மேளம் வந்தது, திரையில் சிவப்பு வந்தால் நடுவில் அடிக்க வேண்டும், நீலம் வந்தால் விளிம்பில். 'கிற்றார் ஹீரோ' 2005. உங்கள் மகனுக்கு மூத்தது எல்லாம்.

அந்த 1996இல் நாங்கள் எங்கே இருந்தோம் என்று உங்களுக்கும் தெரியும். கிளிநொச்சியை விட்டு வந்து ஸ்கந்தபுரத்தில் ஒரு கொட்டில். யுத்த காலம், பற்றரிக்குத் தடை, கரண்ட் என்ற பேச்சே இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் எடுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் கசெட்டில் பாடுகிறவரின் குரல் நோய் பிடித்த மாடு மாதிரி இழுபடும், உசாராகச் சுற்றினால் எலி கத்தும். "டேய், பாட்டைக் கொல்லாதை" என்று அம்மம்மா உள்ளே இருந்து சத்தம் போடுவா. பாட்டின் ஓட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கூடாமல் குறையாமல் சுற்றிக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த முதல் தாள விளையாட்டு அதுதான். மிஸ் என்று திரையில் எழுத்து வராது, அம்மம்மா வருவா.

எல்லா விளையாட்டையும் தூக்கிப் பிடிக்கவில்லை. 2014இல் எல்லோரும் தட்டித் திரிந்தார்களே 'பியானோ டைல்ஸ்', அதில் நான் சொல்வது கிடையாது. நீ தட்டினால் அது ஒலிக்கும், நீ நின்றால் பாட்டும் நிற்கும். பாட்டு உனக்காகக் காத்து நின்றால் நீ எதைக் கேட்கப் போகிறாய்? (சைக்கிளும் அப்படித்தானே என்று கேட்கக்கூடாது. சைக்கிள் வேறு.)

"பத்தாம் ஆண்டு படிக்கிற பெடியன் போனோட கிடக்கிறான்." கிரிக்கெட்டோடு கிடந்தால் கப்டன் என்பீர்கள். அடுத்தது.

"பொத்தான் அமத்தாமல் உண்மையான வாத்தியம் பழகலாம்தானே?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. பழகலாம். வாத்தியத்தை நீங்கள் வாங்கித் தாருங்கள். உடையார்கட்டுக் கிராமத்தில் இருக்கிற பிள்ளை எத்தனை மணிக்கு எந்த பஸ் பிடித்து எந்த மாஸ்டரிடம் போவது என்றும் எழுதுங்கள். கச்சேரியில் முன்வரிசையில் இருந்து தொடையில் ஆதி தாளம் போடுகிறவரைப் பார்த்து "நீ என்ன வாத்தியமா வாசிக்கிறாய்?" என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? அவர் ரசிகர், ஞானஸ்தர். எட்டு எண்ணுகிறார். பெடியனும் எண்ணுகிறான், அவனுக்கு எண்ணிக்கை பிசகினால் திரை காட்டிக்கொடுக்கும். முன்வரிசைத் தொடைக்கு அந்த ஆபத்து இல்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். மல்லாவியில் இருந்தபோது நான் மிருதங்கம் பழகப் போனேன். மூன்று கிழமை. வீட்டில் வாத்தியம் இல்லை, பால்மாப் பேணியைக் கவிழ்த்துவைத்து அடித்துப் பழகினேன். மூன்றாவது கிழமை மாஸ்டர் என் கையைப் பிடித்து, விரலைத் திருப்பிப் பார்த்து, "இது மண்வெட்டிக்குச் செய்த கை, தம்பி" என்றார். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை, பகிடிக்குத்தான் சொன்னார். மைக்கைப் பிடித்தவரும் பகிடிக்குத்தான் சொன்னார் என்று நேற்று எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். பகிடி விடுகிறவர்களுக்கு மேடை எப்போதும் கிடைக்கிறது.

எனக்கு அதற்குப் பிறகு யார் மிருதங்கம் வாசித்தாலும் விரலைத்தான் பார்ப்பேன், பாட்டுக் கேட்காது. மச்சான் வீட்டுக் கீபோர்டு வரும்வரை அப்படித்தான்.

பெடியன் நேற்றுப் பின்னேரம் என் கடைக்கு வந்தான். போன் கண்ணாடி வெடிப்பு, இடது பக்கக் கீழ் மூலை, பெருவிரல் படுகிற இடம். "இன்னும் அடிக்கிறியோ?" என்றேன். "இல்லை அண்ணை, அழிச்சிட்டன்" என்றான். வேறொன்றும் கதைக்கவில்லை. கண்ணாடி மாற்றினேன். ரச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சாட்டுச் சொல்லி, அந்த விளையாட்டைத் திரும்ப இறக்கி, அவன் காதிலிருந்த ப்ளூடூத்தைக் கழற்றச் சொல்லி (அது சத்தத்தைப் பிந்தித் தரும், அதோடு அடித்தால் யாரும் பிசகுவார்கள்) என் வயர் ஹெட்போனைக் கொடுத்தேன். கடை பூட்டுகிற நேரம்வரை அவன் எழும்பவில்லை. கண்ணாடிக்குக் காசு வாங்க மறந்துபோனேன். அதற்கு வீட்டில் கிடைத்த ஏச்சு தனிக்கதை.