பழவேற்காட்டில் நாம் படம் எடுக்காமல் விட்டது

பழவேற்காடு போய் வந்தவர்கள் போடும் படங்களில் இரண்டு கட்டாயம் இருக்கும். ஒன்று, டச்சுக்காரர் கல்லறை வாசலில் நிற்கும் எலும்புக்கூடு சிற்பம். இன்னொன்று பூநாரை. நானும் அவற்றை எடுத்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரை இன்றைக்கும் சோறு போட்டுக் காப்பாற்றும் ஒன்று எந்தப் படத்திலும் விழுவதில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பெயர் பாடு. மீனவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கேட்பார்கள். அங்கே பாடு என்றால் கிடைத்த மீன். கடலோடு சேரும் உப்பு ஏரியான பழவேற்காட்டுக் கழியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வலை போடும் இடத்துக்கும், அந்த இடத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கும் அதுதான் பெயர். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஓடையில் அள்ளிக்கொண்டு வரலாம், உள்ளே தள்ளிப் போனால் வலை காலியாகத் திரும்பும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊரே முடிவு செய்கிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். முறை இல்லாதவர் அங்கே வலையை இறக்க முடியாது. சண்டை வந்தால் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்ப்பார்கள்.

இது வெறும் பங்கீடு என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. இத்தனை வலைதான் இறங்கும் என்று ஆகிவிட்டதால் கழியை ஒரேயடியாக அரித்துவிட முடியாது. இறால் கடலில் முட்டையிடும். பொடிக்குஞ்சு கடல் ஏற்றத்தோடு கழிக்குள் வந்து, சேற்றிலும் புல்லிலும் ஒளிந்து வளர்ந்து, பெரிதானதும் இரவில் தண்ணீர் இறங்கும் வற்றத்தோடு கடலுக்குத் திரும்பும். சென்னைக் கரையில் ஓதம் அதிகம் போனால் ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் இந்த ஊர் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் இங்கே வந்து போக முக்கியமான வழி முகத்துவாரம். கோடையில் ஆரணியாற்றில் தண்ணீர் நின்றுவிடும். கடல் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் வாய் சுருங்கிக்கொண்டே வரும், சில சமயம் முழுதாக மூடியும் போகும். அப்படி மூடிக் கிடந்தபோது ஒரு முறை போயிருந்தேன். தண்ணீர் அசையவே இல்லை. கரையோரம் பச்சையாக நுரை கட்டி, கிட்டே போகவே நாற்றம். "கழிக்கு மூச்சு அடைச்சிருக்கு தம்பி" என்றார் படகில் உட்கார்ந்திருந்த பெரியவர். அவருடைய வலை படகுக்குள் காய்ந்து கிடந்தது.

இந்த ஊருக்கு டச்சுக்காரர்கள் வந்ததும் இந்தத் துறைக்காகத்தான். பெரிய கப்பல் வெளியே கடலில் நிற்கும், சரக்கைச் சின்னப் படகுகள் ஏற்றி இறக்கும். 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து போன துணியின் நினைவு மலாய் மொழியில் இன்னும் இருக்கிறது. அங்கே கட்டம் போட்ட கைலிக்குப் பெயரே 'காயின் பெலிக்காட்'. இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். கல்லறை வேலைப்பாட்டை வியந்து எழுதுகிற நாம் இதையும் ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும்.

செத்துப்போன வியாபாரிகளின் கல்லறைக்குத் தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது, வேலி இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைப் பங்கு போட்டு வாழக் கற்றுவைத்திருக்கும் பாடு முறைக்கும் அதே மரியாதை வேண்டும் என்கிறேன். மரியாதை என்றால் பலகை வைப்பது கிடையாது. துறைமுகமோ, தூர்வாருவதோ, முகத்துவாரத்தில் கல் சுவரோ, எந்தத் திட்டமானாலும் முதலில் ஊர்க்கூட்டத்தில் போய்க் கேட்க வேண்டும். மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் சேரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் துணைக்கு வந்த கதையும் உண்டு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது: ஒடிசாவின் சிலிகா, நம் பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் கூடாது. தஞ்சைப் பக்கத்துக் கிராம மக்களோடு நின்ற ஒருவர் போட்ட வழக்கு இவ்வளவு தூரம் வந்து இந்தக் கழிக்கும் காவலாக நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பாடு முறையில் எல்லாருக்கும் இடம் இல்லை. எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் குடும்பம் என்பதைப் பார்த்துத்தான் பங்கு. இந்தக் கரையில் எண்ணூர் வரைக்கும் இருளர் பெண்கள் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். சிப்பி கீறின விரல்கள். குலுக்குகிற சீட்டில் அவர்கள் பெயர் கிடையாது. பாடு முறையை நாம் காப்பாற்றவேண்டும், அதை அவர்களுக்கும் திறக்கவேண்டும் என்று அந்த ஊர்க்காரர்களிடமே கேட்கவும் வேண்டும். கேட்டிருக்கிறேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் மட்டும் "பேசணும்தான்" என்றார்.

அடுத்த முறை போனால் கல்லறையைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டி ஏறிவிடாதீர்கள். சாயங்காலம் வரை இருங்கள். தண்ணீர் பாட்டிலைக் கரையில் போடாமல் கையோடு எடுத்து வாருங்கள், நண்டு வாங்கினால் படகிலிருந்து இறக்குபவரிடமே வாங்குங்கள்.

போன தடவை அப்படி இருந்தபோது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஒரு பையன் காய்ந்த ஓலைக் கிழிசல் ஒன்றை மிதக்கவிட்டான். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே சுற்றிய ஓலை, அப்புறம் மெதுவாகக் கடல் பக்கம் திரும்பியது. "வத்தம்பா" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். அன்றைக்கு அவர்கள் வீட்டு முறை. அப்பாவும் சித்தப்பாவும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.