கினிப்பன்றிக்கு விரதம் வேண்டாம்

"கினிப்பன்றி ஒருநாள் சாப்பிடாவிட்டால் பயப்படாதீர்கள், புரட்டாசி விரதம் மாதிரி வயிறு சுத்தமாகும். செத்தால் அது மாரடைப்பு, முன்கூட்டித் தெரியவே தெரியாது." வீட்டில் செல்லமாக வளர்க்கும் சின்னக் கொறிவிலங்கான கினிப்பன்றி பற்றி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

விரதம் நமக்குச் சரி. கினிப்பன்றியின் குடல் நாள் முழுக்க உலர்புல்லை அரைத்துக்கொண்டே இருக்க வேண்டியது. 12 மணி நேரம் தீனி தொடாவிட்டாலே குடல் நின்றுபோக ஆரம்பிக்கலாம், வாயு சேரும், ஓரிரு நாளில் உயிரே போகும். எனவே அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். குடலின் நல்ல கிருமிகளை அழித்து அதுவே கொன்றுவிடும்.

அப்புறம், 'திடீர்' சாவு. நிஜமாகவே அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் இது இரையாகும் பிராணி, நோயை மறைப்பது அதன் பிறவிக்குணம். சிலிர்த்த முடி, மூலையில் சுருண்டிருத்தல், சிறுத்த புழுக்கை, மூச்சில் 'கிளிக்' சத்தம், எச்சில் ஒழுகும் தாடை, இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதுதான் என்னைக் கேட்டால் சிறந்த வழி. 50 கிராம் குறைந்தாலே கவனியுங்கள். டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் வெப்பத்தாக்கும் சேர்ந்துகொள்ளும்.

இறந்துவிட்டால் குழந்தையிடம் "நீ சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லாதீர்கள். காரணம் தெரிய வேண்டுமானால் மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேட்கலாம். கூண்டில் துணை இருந்தால் அது சாப்பிடுகிறதா என்று அன்றிரவே பாருங்கள்.