தலைசாமான் செய்தவர் பெயர் எங்கே?

பரதநாட்டிய அரங்கேற்றப் படங்களைப் பதிவிடுகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. படத்தின் கீழே குரு, பாட்டு, மிருதங்கம், ஒப்பனை, உடை தைத்தவர், புகைப்படக்காரர் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லி நன்றி தெரிவிப்பார்கள். பெயரைத் தொட்டால் அவரவர் பக்கத்துக்கே போய்விடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் நெற்றிச்சுட்டியும் சூரியப்பிரபை, சந்திரப்பிரபையும் ராக்கொடியும், அதாவது தலையில் அணியும் தலைசாமான்கள், யார் கை வேலை என்று மட்டும் இருக்காது. அவற்றில் எத்தனையோ எங்கள் நாகர்கோவில் வடசேரியின் பட்டறைகளில், குனிந்த தலை நிமிராமல் செய்யப்பட்டவை. உடை தைத்தவருக்குக் கிடைக்கும் மரியாதை தலைசாமான் செய்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நடனமணிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெயர் போட நினைத்தாலும், போய்ச் சேர அந்தப் பொற்கொல்லருக்கு ஒரு பக்கம் வேண்டுமே! பெரும்பாலானவர்களுக்கு இருப்பது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும்தான். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதையும் நம் எண்ணை வைத்திருப்பவர்கள்தான் பார்க்க முடியும். ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவருக்கே திரும்பத் திரும்ப நம்மைக் காட்டிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

ஓர் ஊரின் தனிச்சிறப்பான பொருளுக்கு அரசு தரும் புவிசார் குறியீடு இருக்கிறதே என்பார்கள். இந்தத் தலைசாமானும் சேர்ந்த நாகர்கோவில் கோயில் நகைக்கு அது கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மாவட்டத்து மயிலாடிக் கற்சிற்பத்துக்குக் கிடைத்தது, 2025இல் தோவாளையின் மாணிக்கமாலை என்ற பூமாலைக்கும் கிடைத்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் குறியீடு ஊருக்கும் தொழிலுக்கும் உரியது. அதைக் கேள்விப்பட்டு ஒருவர் வடசேரிப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினால் யார் வீட்டைக் கேட்பார்? அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தொலைபேசி எண் இணையத்தில் இருக்க வேண்டும். கலைஞர்கள் சமூக ஊடகத்துக்கு வர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். லைக் எத்தனை விழுந்தது என்று ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக அல்ல.

முடிந்த நகையின் படத்தை மட்டும் போட்டால் போதாது. அந்தப் படத்தை யாரும் எடுத்துத் தன்னுடையது என்று போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் செய்த ஒட்டியாணம், வெளியூர்க் கடை ஒன்றின் பக்கத்தில் ‘எங்கள் தயாரிப்பு’ என்ற வரியோடு நின்றது. வேலை நடப்பதைக் காட்ட வேண்டும் என்று அவரிடம் சொன்னபோது, “என்னை எதற்குப் படம் எடுக்கிறீர்கள், நகையை எடுங்கள்” என்று கையை மறைத்துக்கொண்டார். பிறகு அவர் மகள் பிடிவாதம் பிடித்து ஒரு சிறிய காணொளி எடுத்தாள். வெள்ளித் தகட்டின் குழியில் அரக்கு, அதன் மேல் சிவப்புக் கல், கல்லின் விளிம்பைச் சுற்றித் தங்க ரேக்கை (மெல்லிய தங்கத் தாளை) அவர் அழுத்திப் படியவைக்கும் அந்த நகக்கண். வேறு எதுவும் இல்லை. அந்த நகக்கண்ணை எந்தக் கடையாலும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் ஒரு நடன ஆசிரியை, பழைய ராக்கொடியில் கல் உதிர்ந்துவிட்டது, பதித்துத் தருவீர்களா என்று கேட்டு எழுதினார். புது நகைக்கான ஆர்டரைவிட அந்தக் கேள்வியில்தான் பெரியவருக்குச் சந்தோஷம்; வேலை தெரிந்தவரிடம்தானே பழுது பார்க்கக் கொடுப்பார்கள்!

வித்தை வெளியே போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அச்சில் வார்த்த போலி நகை ஏற்கெனவே சந்தையில் குவிந்து கிடக்கிறது. அது எந்தக் காணொளியையும் பார்த்து வந்ததல்ல. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு யாரும் கல் பதிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் விலை ஏன் வேறு என்பதை மட்டும் புரிந்துகொள்ள முடியும்.

சினிமாப் பாட்டைச் சேர்ப்பதுதான் என்னால் பொறுக்கவே முடியாதது. மயிலாடிச் சிற்பி கருங்கல்லில் உளி வைத்து அடிக்கிறார். பின்னணியில் எங்கிருந்தோ ஒரு குத்துப்பாட்டு. உளி ஆழமாக இறங்கும்போது ஓர் ஒலி, மேலாக வழித்துச் செல்லும்போது இன்னோர் ஒலி. கல்லின் தன்மையை அந்த ஓசையில் அறிகிறவர்கள் அவர்கள். அதையே அமுக்கிவிட்டால் மீதி என்ன? வில்லுப்பாட்டு என்னும் வில்லிசைக்கும் இதேதான். வீசுகோல் வில்லில் படுவதும், குடமும் உடுக்கையும் சேர்ந்து எழுவதும் கேட்காவிட்டால் அது வில்லிசைக் காணொளியே அல்ல. உரிமம் இல்லாத பாட்டாக இருந்தால் முகநூலே ஒலியை நிறுத்திவிடும், பிறகு ஊமைப்படம்தான்.

வில்லிசைக் குழுக்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் நடக்கும் கோயில் கொடை விழாக்களில் கூட்டத்தில் யாராவது கைப்பேசியைத் தூக்கி முகநூலில் நேரலை போட்டுவிடுகிறார்கள். தோட்டுக்காரி அம்மன் கதை முழுக்கப் போகிறது. துபாயிலும் குவைத்திலும் இருக்கும் நம் பிள்ளைகள் தூங்காமல் பார்க்கிறார்கள். ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து முகநூல் நேரலைகள் 30 நாட்கள் மட்டுமே இருக்கும், அதன்பின் தானாக அழிக்கப்படும். இது தெரியாமல் எத்தனை கதைகள் போயினவோ! நேரலை முடிந்ததும் பதிவிறக்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, புலவர், உடுக்கை, குடம், தாளம், கட்டை என்று ஒவ்வொருவர் பெயரும் எழுதி, குழுவின் சொந்த யூடியூப் பக்கத்தில் ஏற்றுங்கள். எந்தச் செயலியும் நிரந்தரம் இல்லை. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் பார்வையாளர்கள் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள். காணொளி நம் கையில் இருந்தால் இன்னோர் இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

சாமி வந்து ஆடுகிறவரை நெருங்கிப் படம் பிடித்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்வை எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அவர் அந்த நேரத்தில் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. அவர் வீட்டுப் பெண்கள் மறுநாள் அதன் கீழே வரும் ஏளனங்களைப் படிக்க நேர்கிறது.

தினமும் எதையாவது போட வேண்டும் என்று சிலர் வகுப்பெடுக்கிறார்கள். அது பதிவு போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு. சிலை செய்கிறவர் கல்லை விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை வாரம் ஒருமுறை ஒன்று போட்டால் போதும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரும் ஊரும் இருக்கட்டும். வெளிநாட்டில் தேடுகிறவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுவார். தனிப்பட்ட கணக்கில் 5000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, ஆகவே தொழிலுக்கென்று தனிப் பக்கம் தொடங்கிவிடுங்கள்.

கொடை விழாக் கமிட்டிகளிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. நோட்டீஸில் நன்கொடை தந்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது. ‘வில்லிசை’ என்ற தலைப்பின் கீழே குழுவினர் அனைவரின் பெயரையும், அவர்கள் யூடியூப் பக்கத்தின் பெயரையும் இந்த ஆண்டு சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரிதான் கூடும்.